பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் என்ன இருந்தது?

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

பாலிடெக்னிக் பேரவை மலரில் ஆங்கில இலக்கியத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். லேத்தைப் பற்றி எழுதினால் நமக்குச் சம்பந்தம் உண்டு, வெல்டிங்கைப் பற்றி எழுதினால் உண்டு. கதையும் கவிதையும் ஆர்ட்ஸ் காலேஜ்காரர்கள் பாடு என்பதுதான் நம் பொதுவான எண்ணம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்த நண்பர்களை விட்டுவிடுங்கள். மற்ற நாமெல்லாம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு இங்கே வந்தவர்கள். இங்கே முதலாண்டில் இரண்டு பருவம் ஆங்கிலம் இருக்கிறது. அது பேசப் பழக்கும், கடிதம் எழுதப் பழக்கும், பயோடேட்டா தயாரிக்கச் சொல்லித்தரும். கதைக்கும் கவிதைக்கும் அங்கே அதிக இடமில்லை, அது அந்தப் பாடத்தின் குற்றமும் இல்லை. ஆகவே, நமக்கெல்லாம் வகுப்பறையில் உட்கார்ந்து படித்த கடைசி ஆங்கிலக் கதை பத்தாம் வகுப்புக் கதைதான். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிய முதல் ஆள் நான். அதனாலேயே அதில் என்னதான் இருந்தது என்று திரும்ப எடுத்துப் பார்க்க ஒரு ஆசை.

முதலில் பாடத்திட்டம் எப்படி அமைந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் நான்கு வகைப் பள்ளிகள் இருந்தன: மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல். ஆங்கிலப் புத்தகமும் ஆளுக்கொன்று. 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்டில் தீர்ப்பான பிறகு பத்தாம் வகுப்பு வரை ஒரே புத்தகம் ஆனது. ராஜபாளையத்தில் அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் மெட்ரிக் பள்ளிக்கு வேனில் போகிற பிள்ளைக்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றே. தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்ற வித்தியாசமும் இந்தப் புத்தகத்துக்குக் கிடையாது. நாங்கள் படித்தது 2019-இல் வந்த புதிய புத்தகம். அதே கல்வியாண்டில்தான், முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டாக இருந்த ஆங்கிலத் தேர்வை ஒரே தாளாக்கினார்கள். ஆனால் 2020-இலும் 2021-இலும் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. அதனால் ஒற்றைத் தாள் முறையில் நிஜமாகவே உட்கார்ந்து எழுதியது 2022-இல்தான்.

நூறு மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. இந்த 35-தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. படத்தைப் பார்த்து வழி சொல்வதற்கு 2 மார்க், மனப்பாடப் பாட்டுக்கு 5 மார்க், துணைப்பாடக் குறிப்புகளை விரித்து எழுதுவதற்கு 8 மார்க், இன்னும் கடிதம், விளம்பரம் என்று பொறுக்கிச் சேர்த்தால் முழுப் பாடத்தையும் வாசிக்காமலேயே பாஸ் ஆகிவிடலாம். வருஷா வருஷம் எத்தனையோ பேர் இப்படித்தான் கரையேறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு 35 என்பது பெரிய எண். ஆனால் இப்படிக் கரையேறும்போது நடுவில் எதையெல்லாம் தாண்டி வந்தோம் என்று பார்க்க வேண்டாமா?

புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடம் ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’. பறக்கப் பயந்து பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு கடற்பறவைக் குஞ்சின் கதை. எழுதியவர் லியாம் ஓ ஃபிளாகர்ட்டி, அயர்லாந்துக்காரர். அவர் ஐரிஷ் மொழியிலும் கதை எழுதியவர் என்பதை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஜேம்ஸ் தர்பரின் பேய்க் கதை, சத்யஜித் ராய் எழுதிய பரண் கதை, 2017 செப்டம்பரில் புறப்பட்டு 2018 மே மாதம் கோவா திரும்பிய ‘தாரிணி’ பாய்மரக் கப்பலின் ஆறு பெண் அதிகாரிகள், ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகம். துணைப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ கதையாக வருகிறது. ஜூல் வெர்ன் பேரில் வந்த, 2889-ஆம் ஆண்டில் நடக்கிற கற்பனைக் கதையும் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது மோசமான சாப்பாடு இல்லை.

இதில் நம் துறைக்காரர்கள் அவசியம் திரும்பப் படிக்க வேண்டியது ஒரு கவிதை: ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’. மனப்பாடப் பகுதியில் இருந்ததால் பல பேருக்கு முதல் வரியைச் சொன்னாலே மீதி வாயில் வந்துவிடும். கிப்ளிங் 1865-இல் பம்பாயில் பிறந்தவர், 1907-இல் நோபல் பரிசு வாங்கியவர். வெள்ளைக்காரன் ஆட்சி நல்லது என்று நம்பிய ஆள், அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, அது வேறு கட்டுரை. இந்தக் கவிதை வெளிவந்தது 1911-இல், ஒரு வரலாற்று ஆசிரியரோடு சேர்ந்து அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்ட இங்கிலாந்து சரித்திரப் புத்தகத்தில். அதாவது இது தொடக்கத்திலிருந்தே பள்ளிக்கூடப் பாட்டு.

கவிதையில் மெஷின்கள் தாங்களே பேசுகின்றன. எங்கிருந்து வந்தோம் என்று வரிசையாகச் சொல்கின்றன. முதலில் சுரங்கத்துத் தாது. பிறகு உலையில் உருக்குவது, வார்ப்பது, சம்மட்டியால் அடித்து உருவாக்குவது, வெட்டுவது, அரம் போடுவது, கடைசியில் கேஜ் வைத்து அளவு பார்ப்பது. நம்முடைய ஒர்க்‌ஷாப்பை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஃபவுண்டரி, ஸ்மித்தி, ஃபிட்டிங், டர்னிங், அதற்கப்புறம் மெட்ராலஜி லேப். அதே வரிசை! பதினைந்து வயதில் ஃபவுண்டரியைப் பார்த்த பிள்ளை யார் இருக்கிறார்கள்? அப்போது அவை வெறும் ஆங்கில வினைச்சொற்கள். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஷெட் இருக்கிறது, ஒரு சத்தம் இருக்கிறது, கையில் ஒரு காய்ப்பும் இருக்கிறது.

இன்னொன்று. மெஷின்கள் தங்களுக்குத் தேவையானவை என்று கேட்பது தண்ணீர், நிலக்கரி, எண்ணெய், அதோடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குக் கிப்ளிங் போட்ட சொல் ‘ப்ளே’. அகராதியைத் திறந்தால் முதல் பொருள் விளையாட்டு என்று இருக்கும். மெஷின் விளையாட இடம் கேட்கிறது என்று எழுதினால் கவிதை அழகாகத்தான் தெரியும், ஆனால் விஷயம் அதுவல்ல. ராஜபாளையத்தில் எந்த மெக்கானிக் கடையிலும் போய்க் கேளுங்கள், “பேரிங்ல ப்ளே இருக்குப்பா” என்பார்கள். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் விடுகிற கிளியரன்ஸ்தான் அந்த ப்ளே. ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்றால் 0.0254 மில்லிமீட்டர், தலைமுடியின் கனத்தில் பாதிகூடத் தேறாது. அந்த இடம் இல்லாவிட்டால் எண்ணெய் உள்ளே போகாது, ஷாஃப்ட் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதிகமாகிவிட்டால் ஆட்டம் கண்டுவிடும். லிமிட்ஸ், ஃபிட்ஸ் பாடத்தில் கிளியரன்ஸ் ஃபிட், இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் என்று பக்கம் பக்கமாக நாம் படிப்பதை அந்த ஆள் ஒரு வரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்கப்புறம் கவிதையின் குரல் மாறுகிறது. எங்களுக்குப் பொய் புரியாது, அன்பு தெரியாது, இரக்கம் தெரியாது, மன்னிக்கவும் தெரியாது, கை தவறினால் உயிர் போகும் என்கின்றன மெஷின்கள். இதைப் பரீட்சையில் ‘கவிஞர் எந்திரங்களின் ஆபத்தை எடுத்துரைக்கிறார்’ என்று எழுதினால் 2 மார்க். நம் ஊர்ப் பிள்ளைக்கு இதற்கு விளக்கம் தேவையா? ராஜபாளையம் 1930-களிலிருந்து பஞ்சாலை ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் விடாமல் ஓடுகின்றன. கார்டிங் மெஷினில் விரலைக் கொடுத்தவர் எங்கள் தெருவிலேயே உண்டு. சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு லேத்தை ஆன் செய்யாதே என்று இன்ஸ்ட்ரக்டர் சார் தினமும் தொண்டை கிழியக் கத்துவதும் இந்த வரிக்கு உரைதான்.

சரி, ரசித்தாயிற்று, இதனால் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அந்தக் கவிதையின் முதல் நான்கு அடியும் செயப்பாட்டு வினை, நாம் பாஸிவ் வாய்ஸ் என்று சொல்லிப் பயப்படுவோமே, அது. எடுக்கப்பட்டோம், உருக்கப்பட்டோம், அடிக்கப்பட்டோம், வெட்டப்பட்டோம் என்ற மாதிரி போகிறது. இப்போது உங்கள் ரெக்கார்ட் நோட்டில் புரொசீஜர் என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள். ஜாப் சக்கில் பிடிக்கப்பட்டது, ஃபேஸிங் செய்யப்பட்டது, அளவு சரிபார்க்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதே வாக்கிய அமைப்பு! சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுத்து மாறாமல் காப்பி அடிக்கிற நாம், அந்த இலக்கணத்தை ஏற்கெனவே பாட்டாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டால் வைவாவில் “எப்படிச் செய்தாய்?” என்று எக்ஸ்டர்னல் கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

மனப்பாடம் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொருள் தெரியாத உருப்போடுதல் வீண் என்பது சரியே. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி விடியலில் திருப்பாவை முப்பது பாட்டும் பாடுகிற சின்னப் பிள்ளைகளுக்கு அன்றைக்கே எல்லாப் பொருளும் தெரிந்தா பாடுகிறார்கள்? பாட்டு முதலில் வாயில் ஏறுகிறது, பொருள் பத்து வருஷம் கழித்து ஒருநாள் வந்து சேருகிறது. மனப்பாடத்தில் எனக்குக் கோபம் இல்லை. பரீட்சை முடிந்த மறுநாளே அதைக் காலி செய்துவிட்டு எழுந்து வருகிறோமே, அதுதான் வருத்தம்.

அடுத்து ‘தி லாஸ்ட் லெசன்’. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் டோடே எழுதியது, 1873-இல் வந்த தொகுதியில் இருக்கிறது. 1870–71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸ் பகுதி ஜெர்மனி கைக்குப் போகிறது. இனிப் பள்ளியில் ஜெர்மன்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. பிரெஞ்சு வாத்தியாரின் கடைசி வகுப்பு, அன்றைக்கும் தாமதமாக ஓடி வருகிற ஒரு பையன். 1965 மொழிப் போராட்டத்தையும், 1968-இல் சட்டமன்றம் போட்ட இருமொழித் தீர்மானத்தையும் வரலாறாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை உடனே ஒட்டிக்கொள்ளும். ஆனால் தாய்மொழியைப் பறிக்காதே என்கிற கதையை நாம் படிப்பது ஆங்கிலப் பாடத்தில், அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்த மொழிபெயர்ப்பில்! இன்னொரு சங்கதியும் உண்டு. அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மன் சார்ந்த வட்டார மொழி. கதையில் அந்தப் பேச்சே வராது. டோடே அதை வசதியாக விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. கதை அருமை, ஆனால் முழு உண்மை இல்லை. பாடப் புத்தகத்தில் இருப்பதைக் குறை சொல்லலாமா என்று பயப்பட வேண்டாம். இலக்கியப் பாடம் வைத்திருப்பதே அதற்குத்தானே.

வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி ஒன்று என்பது ராஜபாளையத்துக்குப் புதிதல்ல. வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று இருக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையை விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் ‘ஆமுக்த மால்யத’ என்று தெலுங்கில் காவியமாகப் பாடினார். அதைத் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு.கு. ஜகந்நாத ராஜா. அதற்கு 1989-ஆம் ஆண்டின் சாகித்திய அகாடமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற இரண்டு ஊர்களுக்கு நடுவில், ஹம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு இலக்கியம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. நாமோ டவுன் பஸ்ஸில் அந்தத் தூரத்தைக் கடந்துகொண்டே, இலக்கியம் என்றால் யாரோ வெளியூர்க்காரர் சமாச்சாரம் என்று பேசுகிறோம்.

இனி, நாம் படிக்காமல் விட்டுவந்த பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வருகிறேன். பிளஸ் ஒன் ஆங்கிலத்தில் அறிஞர் அண்ணா 1967-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய பட்டமளிப்பு விழா உரை பாடமாக இருக்கிறது, மேரி கோம் இருக்கிறார், கேப்ரியல் ஒகாரா என்ற நைஜீரியக் கவிஞர் இருக்கிறார். பிளஸ் டூவில் ஷேக்ஸ்பியர், டென்னிசன் எல்லாம் உண்டு. இருபத்தொரு வயதில் இறந்துபோன வங்காளப் பெண் தோரு தத்தின் சவுக்கு மரக் கவிதையும் உண்டு. ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஐந்தாம் பாடம். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர், கரிசல் எழுத்தின் பெரியவர் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ அங்கே ஆங்கிலத்தில் ‘தி சேர்’ என்று இருக்கிறது! வீட்டுக்கு ஒரு நாற்காலி இல்லையே என்று ஆசைப்பட்டுச் செய்கிறார்கள். ஊரில் ஒருவர் இறந்துபோக, பிணத்தை உட்கார வைக்க அதை இரவல் வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்த நாற்காலியில் அதற்கப்புறம் உட்கார யாருக்கும் தைரியம் இல்லை. அண்ணனைப் ‘பெத்தண்ணா’ என்று கூப்பிடுகிற வீட்டுக் கதை. நம் தெருவில் நடக்கிற சங்கதி ஆங்கிலத்தில் எப்படி ஒலிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இதைவிட நல்ல பாடம் கிடையாது. பாதி வாக்கியம் புரியாவிட்டாலும் மீதியை நம் ஊர் அனுபவமே புரியவைத்துவிடும். பத்தாம் வகுப்போடு இறங்கிக்கொண்ட நமக்கு இது கிடைக்கவில்லை.

பிளஸ் ஒன்னில் தமிழ், ஆங்கிலம் போக நான்கு பாடங்கள் எடுக்க வேண்டும். பாடம் ஒன்றுக்கு 100, மொத்தம் 600. அந்த நான்கில் எடுத்துக்கொள்ள ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’ என்று ஒரு தனிப் பாடமும் ‘சிறப்புத் தமிழ்’ என்று இன்னொன்றும் பட்டியலில் இருக்கின்றன. இது தெரியாத மாணவர்கள்தான் அதிகம். ஒரு பாடத்தைத் தொடங்க ஆசிரியர் வேண்டும், சேர ஆள் வேண்டும். கூட்டமெல்லாம் உயிரியல், கம்ப்யூட்டர், வணிகவியல் பக்கம் போய்விடுகிறது. மொழியிலோ இலக்கியத்திலோ ஆர்வமுள்ள தம்பி தங்கைகள் சேர்க்கை சமயத்தில் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

சி.பி.எஸ்.இ.யில் இன்னும் வெளிப்படை. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்தின் பெயரே ‘இங்கிலீஷ் லாங்குவேஜ் அண்ட் லிட்டரேச்சர்’. மேல் வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான ‘கோர்’, இலக்கியம் விரும்புகிறவர்களுக்கு ‘எலெக்டிவ்’. அவர்கள் பாடம் ஏதோ வானத்திலிருந்து வந்தது என்று நினைக்காதீர்கள். அதே கடற்பறவைக் குஞ்சு அவர்களுடைய பத்தாம் வகுப்பிலும் பறக்கிறது. அதே ‘லாஸ்ட் லெசன்’ அவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ‘ஃபிளமிங்கோ’ புத்தகத்தின் முதல் பாடம். நமக்கு இரண்டு வருஷம் முன்னதாகவே வந்துவிட்டது! கதை ஒன்றுதான். கதையிலிருந்து என்ன கேட்கிறார்கள், நாம் எதை வாசிக்காமல் தாண்டினோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் போதாதா என்றும் கேட்பார்கள். முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்ற போஸ்டர் இல்லாத பஸ் ஸ்டாண்டு உண்டா? “ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்” இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது? இன்டர்வியூவில் உன்னைப் பற்றிச் சொல் என்றால், ஒரு சம்பவத்தை முன்பின் கோத்துச் சொல்லத் தெரிய வேண்டும். அது கதை படித்தவனுக்குத் தானாக வரும். குஞ்சு பயந்தது, பசித்தது, அம்மா மீனைக் காட்டினாள், பாய்ந்தது, விழுந்தது, சிறகு விரிந்தது. எல்லாம் சின்னச் சின்ன இறந்தகால வாக்கியங்கள். இதே அச்சில், பிரேக்டவுன் ஆன மோட்டாரை எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற தம்பி தங்கை இருந்தால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கைடைத் திறப்பதற்கு முன் பாடத்தை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தெரியாத சொல்லுக்கு நிற்க வேண்டாம், கதை முடியட்டும். முடிந்ததும் தமிழில் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கேள்வி பதிலுக்குப் போனால், பதிலில் இரண்டு வாக்கியமாவது சொந்தமாக வரும். எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தேன். பேய்க் கதைக்கு நல்ல மவுசு.

நமக்கும் வாய்ப்பு போய்விடவில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகங்களைப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். செல்போனில் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம் என்றால், பிளஸ் டூ முடித்து வந்த நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் பழைய புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள். பேரவை அறை அலமாரியில் கீழ்த்தட்டு காலியாகத்தான் இருக்கிறது. இந்தப் பருவம் முடிவதற்குள் கொண்டுவந்து வைத்தால், ‘நாற்காலி’ இருக்கிற புத்தகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறவன் நானாக இருப்பேன். ஒரு வாரத்தில் திருப்பி வைத்துவிடுகிறேன்.